பதினைந்தாம் திகதிக் கோட்டு

ஒன்னி,

இன்று காலை அலுமாரியைத் திறந்தேன். உங்கள் கடை மணத்தது. உடுப்புக் கழுவும் அந்த மருந்து, அதற்குள் நீராவி, அதற்கும் மேலே நீங்கள் கோட்டுப் பைக்குள் போட்டுவைக்கும் பூச்சி உருண்டை. என் சேலைகளுக்கும் மகளின் சட்டைகளுக்கும் நடுவில் அந்த யப்பானியக் கிழவரின் கறுப்புக் கோட்டு, பிளாஸ்ரிக் உறைக்குள், மாசி மாதத்திலிருந்து தொங்குகிறது. செத்துப்போனவர்களிடமிருந்து மற்றவர்களுக்கு மோதிரம் வரும், காணி வரும். எனக்கு உங்கள் பகைவரின் கோட்டு வந்தது.

இன்று பின்னேரம் அவர் அதைக் கேட்டு வருகிறார். உங்கள் மகன் கடையை மூடப்போகிறான். அதற்கான அறிவித்தலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கிழவர் உள்ளே போய்க் கோட்டை விசாரித்திருக்கிறார். உங்கள் மகன்தான் நல்ல பிள்ளை ஆயிற்றே. என் தொலைபேசி இலக்கத்தையும் மல்வேர்ன் வீட்டு முகவரியையும் எடுத்துக் கொடுத்துவிட்டான். சும்மா கொடுக்காதே என்று நீங்கள் சொல்லி விட்டுப்போன பொருள். கொடுப்பதா, இல்லை என்று கதவைச் சாத்துவதா என்று தெரியாமல், உலையும் வைக்காமல் இருந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் பெயரை எழுதமாட்டேன். ‘ஒன்னி’ என்றால் உங்கள் கொரியப் பாஷையில் ஒரு பெண் தன் அக்காவைக் கூப்பிடுகிற சொல், அது போதும். சொந்தப் பெயரைத் தமிழில் எழுதினால் பிழையாகத்தான் வரும். உங்கள் பெயரைப் பிழையாகச் சொன்னவனை நீங்கள் என்ன பாடு படுத்தினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் ரொறன்ரோவில் பார்க்டேல் பக்கம் இருந்த காலம் அது. உங்கள் கடைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தேன். ஒரு காற்சட்டையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே எறிந்தீர்கள். சிப் பழுது. தைத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, “நாளைக்கு வா” என்றீர்கள். நம் இருவருக்கும் இருந்தது உடைந்த இங்கிலீஷ். நீங்கள் சொன்னதையெல்லாம் என் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன், நீங்கள் ஏசினால் அது எனக்கு என் ஊர்ப் பேச்சில்தான் கேட்கும்.

கொரியாக்காரரும் அம்மா அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று கேட்டால் எங்கள் சனத்துக்குப் பெரிய அதிசயம். நம்மை ஒட்டவைத்தது அது இல்லை. ஒருநாள் வாடிக்கைக்காரி ஒருத்தி, “யப்பான் கதையெல்லாம் பழசு, இனி மறக்கலாம்தானே” என்று உங்களிடம் அன்பாகச் சொன்னாள். அவள் போனதும் அயன் இயந்திரத்தின் மூடியை இழுத்து அடித்த அடியில் மேலே இருந்த கண்ணாடிப் போத்தல்கள் ஆடின. எனக்கு உங்களைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். கோயிலில் ஐயர், ஆறுதல் சொல்ல வந்த வெள்ளைக்காரப் பிள்ளை, என் கூடப்பிறந்த அண்ணன், எல்லாரும் என்னை ஆறச் சொன்னவர்கள். ஆறாமல் எழுபது வயதுவரை வந்த ஒரு மனுசியை முதல்முறையாகப் பார்த்தேன்.

ஆவணி, ஓகஸ்ற் மாதம், பதினைந்தாம் திகதி வந்தது. யப்பான்காரன் உங்கள் நாட்டை விட்டுப் போன நாள். காலையில் உங்கள் ஆட்களோடு பூங்காவில் கொடியேற்றிக் கத்திவிட்டு, வெள்ளைப் பட்டுச் சட்டையும் பாவாடையுமாகத் தொண்டை கட்டிப்போய்க் கடைக்கு வந்தீர்கள். கையில் இருந்த சின்னக் கொடியைக் காசுப் பெட்டியில் குத்தினீர்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அன்றைக்கு ஒரு சட்டம்.

“ஒரு சொல்லுச் சொல்லோணும். சொன்னால்தான் உடுப்பு.”

குவாங்போக். வெளிச்சம் திரும்பி வந்தது என்று அர்த்தம், விடுதலைக்கு நீங்கள் வைத்த பெயர். போர்த்துக்கேயக் கிழவி சொன்னாள், யமேக்காப் பெடியன் சொன்னான், போலந்துக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். சொன்னவர்களுக்கு உடுப்போடு ஒரு அரிசிக் கேக்கும் கிடைத்தது. எங்கள் கொழுக்கட்டைக்குச் சித்தப்பா மகன் மாதிரி ஒரு சாமான். எல்லாரும் சிரித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் நானும் ஆசைப்பட்டுச் சொன்னேன்.

“குவாங்போக்கு.”

மேசையில் ஓங்கி அடித்தீர்கள். “கு இல்லை! க்! வாயை மூடு!”

திரும்பவும் சொன்னேன். திரும்பவும் ‘கு’ வந்தது. எங்களுக்கு அப்படித்தான் வரும் ஒன்னி. கேக் என்று எங்கள் வாயில் நிற்காது, கேக்கு என்று ஒரு உகரத்தில் போய் இருந்தால்தான் மூச்சு விடும். இதை உங்களுக்கு விளங்கப்படுத்த எனக்கு இங்கிலீஷ் போதவில்லை.

“உது யப்பான்காரன்ர வாய்!” என்றீர்கள். “அவனும் இப்பிடித்தான். எல்லாத்துக்கும் பின்னாலை ஒரு உ.”

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. யாரைப் பார்த்து யாருடைய வாய் என்கிறீர்கள் என்று நானும் தமிழில் ஏசினேன். பிறகு அயன் இயந்திரத்தில் நின்று, கால் மிதியை அழுத்தி நீராவி சீறி நிற்கும் இடத்தில் நானும் ‘க்’ என்று நிறுத்தப் பழகினேன். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் காது என்னிடம்தான் இருந்தது. ஒருநாள் திரும்பாமலே ஒரு அரிசிக் கேக்கை என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். காய்ந்துபோயிருந்தது, தின்றேன்.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பிறகு சொன்னீர்கள். யப்பான்காரன் உங்கள் பாஷையைப் பள்ளிக்கூடத்தில் மறித்தான், பெயரைப் பிடுங்கி யப்பான் பெயர் வைத்தான். உங்களுக்குப் பெயர் வைத்தவர் யப்பான்காரத் தலைமை ஆசிரியர். யப்பான் பாஷையைச் சுத்தமாகப் பேசுகிறாள் என்று பதக்கமும் குத்திவிட்டாராம். நாடு விடுதலையான மறுநாள் ஊர் முழுக்கத் தெருவில் நின்று ‘மன்சே’ என்று கத்தியது. பத்தாயிரம் ஆண்டு வாழ்க என்று வாழ்த்துகிற சொல். நீங்கள் அதைக் கத்தவில்லை. நேரே அந்த ஆள் வீட்டுக்குப் போனீர்கள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தாராம்.

“என்ர பெயரைச் சொல்லுங்கோ எண்டனான். என்ர சொந்தப் பெயர்.”

“சொன்னவரோ?”

“வரேல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னாலை உ, உ, உ. திரும்பச் சொல்லச் சொன்னன். திரும்ப. குனிஞ்சு கும்பிட்டுக் கும்பிட்டுச் சொன்னவர்.”

“எவ்வளவு நேரம்?”

“அவரின்ர மனிசி வந்து அழும்வரை.” பொத்தானில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்தீர்கள். “இன்னும் கொஞ்சம் சொல்ல வைச்சிருக்கலாம்.”

எங்கள் பழமொழி ஒன்றை அன்றைக்கு உங்களுக்குச் சொன்னேன்: யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். “நான் பூனையோ?” என்று முறைத்தீர்கள். ஓம் என்றேன். அந்த வாரம் முழுக்கக் கடையில் நடமாடும்போதெல்லாம் மியாவ் என்றீர்கள்.

உங்கள் அப்பாவின் கதை வந்தது ஒரு மழை நாளில், கடைக்கு ஒரு சனமும் வராத பின்னேரம். உங்களை வயிற்றில் சுமந்துகொண்டு அம்மா ஊரில் இருக்க, அப்பா ரோக்கியோவுக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார். அங்கே பெரிய பூகம்பம் வந்தது. ஊர் எரிந்தது. கொரியாக்காரர் கிணற்றில் நஞ்சு போட்டார்கள் என்று ஒருவன் கிளப்பிவிட, சந்திக்குச் சந்தி மூங்கில் ஈட்டியோடு ஆட்கள் நின்று வருகிறவனையெல்லாம் மறித்தார்கள். முகத்தில் வித்தியாசம் தெரியாது. ஆகவே சொல்லச் சொன்னார்கள். பதினைந்து யென் ஐம்பது சென் என்பதை யப்பான் பாஷையில். கொரிய வாயில் முதல் எழுத்து அழுத்தமாக விழாது, மெலிந்து ‘ச’ மாதிரிப் போகும். அப்பாவின் கதை அதோடு முடிந்தது.

நீங்கள் பதக்கத்தோடு வீட்டுக்குப் போன நாளில்தான் அம்மா இதைச் சொன்னாராம். சொல்லிவிட்டு, “நீ சொல்லு பாப்பம்” என்றாராம். நீங்கள் அந்தப் பதினைந்து யென்னைக் கண்ணாடி மாதிரிச் சொன்னீர்கள். அம்மா உங்கள் கன்னத்தில் அடித்தார்.

அப்போதுதான் நான் வாளியின் கதையைச் சொன்னேன். அதுவரை இந்த நாட்டில் ஒருவருக்கும் அதை முழுதாகச் சொன்னதில்லை.

எண்பத்துமூன்று ஆடி. நான் கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்தில். என்ர மனுசன் கொழும்பில் கிளாக்கர் வேலை. தமிழரின் கடைகள் எரியத் தொடங்கியதும் கூட வேலை செய்தவரோடு நடந்தே அறைக்குத் திரும்பியிருக்கிறார். சந்தியில் மறித்தார்கள். முகத்தில் வித்தியாசம் தெரியாது. ஒருவன் ஒரு வாளியைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். சிங்களத்தில் அதற்குப் பால்திய என்று பெயர். தமிழில் எழுதினால் வித்தியாசம் தெரியாது ஒன்னி, பழத்துக்கும் பஸ்ஸுக்கும் நாங்கள் ஒரே ‘ப’தான் எழுதுவோம். சிங்களவன் அதை பஸ்ஸில் வருகிற ப போலச் சொல்வான். எங்கள் ஆள் பழத்தில் வருகிற ப போலச் சொல்வான். கூட வந்தவர் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர், சரியாகச் சொன்னார். என்ர மனுசன் சிங்களப் பாட்டே பாடுவார். அந்த முதல் எழுத்து மட்டும் அவருக்குக் கடைசிவரை பழமாகத்தான் இருந்தது.

கூட வந்தவர்தான் பிறகு வந்து எனக்குச் சொன்னார். வாளி தூக்கியவனைப் பற்றி அவருக்கு ஞாபகம் இருந்தது ஒன்றே ஒன்று, அவன் நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், மடிப்புக் கலையாத சட்டை. அன்றிலிருந்து அந்தச் சட்டையை நான் தேடுகிறேன். உங்கள் கடையில் எத்தனை வெள்ளைச் சட்டைக்கு அயன் போட்டேன். ஒவ்வொன்றிலும் கழுத்துப் பட்டையை அழுத்தும்போது அவன் கழுத்தைத்தான் அழுத்தினேன்.

நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. எழுந்து வந்து என் தாடையைப் பிடித்து வாயைத் திறக்க வைத்து, பல் வைத்தியர் மாதிரி உள்ளே பார்த்தீர்கள். “கொரியா வாய்தான்” என்றீர்கள். உகரக் குற்றத்தை அன்றைக்குத்தான் முழுதாக மன்னித்தீர்கள்.

அடுத்த வருடம் பதினைந்தாம் திகதி கோட்டுக்காரர் வந்தார். உயரமான, மெலிந்த, நரைத்த மனிதர். கோட்டைக் கோடைக்கு முன்பே கழுவக் கொடுத்திருந்தார். கடை தந்த ரிக்கற்றுச் சீட்டில் யப்பான் பெயர். நான் கோட்டை எடுத்துக்கொண்டு வர, நீங்கள் கையை நீட்டி மறித்தீர்கள்.

“ஒரு சொல்லுச் சொல்லோணும்.”

அவர் கொடியைப் பார்த்தார், உங்கள் வெள்ளைப் பட்டைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. வெள்ளைக்காரர் பேசுகிற அதே இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்: “நான் பிறந்தது வன்கூவரில். யப்பானை நான் கண்ணாலும் கண்டதில்லை.”

“சொல்லு.”

“யுத்தத்தில் இந்த நாடு, யப்பான் முகம் என்று, எங்கள் வீட்டைப் பறித்து எங்களை முகாமில் போட்டது. இதைச் சொல்லு, இதில் கையெழுத்துப் போடு என்று எத்தனையோ மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்குக் கஷ்டம் இல்லை, அம்மா. ஆனால் சொல்லமாட்டேன்.”

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கோட்டு என் கையில். ஓடிப்போய்க் கொடுக்கட்டா என்று நான் கண்ணால் கேட்டேன். நீங்கள் அதைப் பிடுங்கிக் கம்பியின் கடைசி முனையில் கொண்டுபோய் மாட்டினீர்கள். அன்று முழுக்க உங்களுக்கு வெற்றி முகம். மாலையில் கடையைப் பூட்டும்போது மட்டும், “உவன் மாட்டன் எண்டு சொன்னான், பாத்தியே?” என்றீர்கள். பாத்தனான் என்றேன். “அப்பாவும் மாட்டன் எண்டிருக்கலாம்” என்றீர்கள். உங்கள் கையில் ஈட்டி இருக்கவில்லை, அதனால்தான் கோட்டுக்காரரால் சொல்ல முடிந்தது என்று நான் சொல்லவில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

அதன்பிறகு ஒவ்வொரு ஆவணியும் அந்தக் கோட்டை இறக்கித் தூசி தட்டுவீர்கள். புது உறை, புது உருண்டை. காசு தந்தவர்களின் கோட்டுக்கு அவ்வளவு பார்த்ததில்லை. பகைவன் கோட்டைப் பூச்சி அரிக்கக்கூடாது என்று அப்படி ஒரு வைராக்கியம்.

என்னுடைய பூனைக்காலம் உங்கள் விடுதலையின் ஐம்பதாவது வருடத்தில் வந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒருவர் சூட் ஒன்றைக் கழுவக் கொண்டுவந்தார். பெயர் கேட்டேன். சிங்களப் பெயர். எப்போது கிடைக்கும் என்றார். ரிக்கற்றில் வேண்டுமென்றே பதினைந்தாம் திகதியைப் போட்டேன்.

உங்களிடம் சொன்னபோது உங்கள் கண் மினுங்கியது. “உன்ர சொல்லு எது? அவன்ர வாயிலை வராத சொல்லாப் பார்.”

எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. தமிழனுக்கு மட்டுமே வரும் எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்திப் படித்தது இருக்கிறதே. “வாழைப்பழம்” என்றேன். உங்களுக்கும் சொல்லிக் காட்டினேன், நீங்கள் நாக்கைச் சுருட்டிச் சுருட்டித் தோற்றீர்கள். காற்சட்டை எடுக்க வந்து நின்ற சென்னைப் பெடியன், கம்ப்யூட்டர் வேலைக்காரன், மெல்லச் சிரித்தான்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க சொல்றது வாளைப்பளம். ழ வரலையே.”

“என்னது வரேல்லை?”

“நாக்கை இன்னும் உள்ள மடிக்கணும். வாழை. ழ. ழ.”

நானும் மடித்தேன். ள தான் வந்தது. யாழ்ப்பாணத்து நாக்கு ழகரத்தை எந்தக் காலத்திலோ விட்டுவிட்டது, நாங்கள்தான் அதைக் கவனிக்கவில்லை. என் சந்தியில் நானே செத்திருப்பேன். “உங்கட ழ உங்களோடையே இருக்கட்டும் தம்பி” என்று காற்சட்டையைக் கட்டி அனுப்பினேன். விசயத்தை விளங்கப்படுத்தியதும் நீங்கள் கதிரையில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில், வேறு சொல் தேவையில்லை, அந்த வாளியையே வைக்கிறேன் என்று முடிவெடுத்தேன்.

பதினைந்தாம் திகதி அந்த மனிதர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ரிக்கற்றை நீட்டினார். நான் குனிந்து, நிலம் துடைக்கிற நீல வாளியை எடுத்து மேசையில் வைத்தேன். நீங்கள் உங்கள் கொடிக்குப் பக்கத்தில் நின்றீர்கள். பன்னிரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த கேள்வியை, கேட்டவனின் பாஷையிலேயே கேட்டேன். “மே மொகக்த?” இது என்ன?

அவர் முகம் வெளிறியதைப் பார்த்தேன். அதைப் பார்க்கத்தானே காத்திருந்தேன். சொல்லட்டும், வாய் குழறட்டும், வியர்க்கட்டும் என்று நின்றேன். சிங்களத்தில் என்ன சொன்னாலும் பிழை என்று சொல்லித் திரும்பச் சொல்ல வைப்பது, அவர் மனைவி வந்து அழும்வரை சொல்ல வைப்பது என்பது என் திட்டம்.

அவர் “வாளி” என்றார்.

தமிழில். ள கொஞ்சமும் பிசகாமல்.

“உங்கட ஆர் போனது?” என்று கேட்டார்.

“என்ர மனுசன்.”

அவர் உடைந்த தமிழில் சொன்னார்: “பக்கத்து வீடு தமிழ் ஆக்கள். அவங்கதான் எனக்குத் தமிழ் சொல்லித் தந்தது. அண்டைக்கு அவங்க எங்கட கதவு தட்டினது. நான் திறக்க இல்லை.”

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன், அது அந்தப் பக்கத்து வீட்டுச் சனத்தின் கையில் இருக்கிற சாமான். சூட்டை எடுத்து மேசையில் வைத்து, “போங்கோ” என்றேன்.

“சரியாச் சொன்னவனே?” என்று கேட்டீர்கள்.

“ஓம்.”

“தெரிஞ்ச சொல்லைக் கேட்டால் பழி எப்பிடி வாங்கிறது? உனக்கு ஒண்டும் தெரியாது.” அவர் சொன்னதை நான் இங்கிலீஷில் சொன்னேன். வாளியை எடுத்துக் கீழே வைத்தீர்கள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்து மேலே தூக்கினீர்கள். “கத்து” என்றீர்கள். “மன்சே எண்டு கத்து. நெஞ்சு வெடிச்சுப்போம், கத்து.”

யாரையும் பத்தாயிரம் ஆண்டு வாழச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையைத் தூக்கியபடியே, “நாசமாய்ப் போவான்!” என்று கத்தினேன். வெள்ளைச் சட்டைக்காரனுக்கு. அவன் எங்கே இருந்தாலும் அவனுக்கு. வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். என்ன அர்த்தம் என்று கேட்டீர்கள், சொன்னேன். உங்கள் முகம் தீபாவளி மாதிரி ஆயிற்று. நீங்களும் கத்தினீர்கள், “நாசமாப்போவான்!” அடுத்த வருடம் பூங்காவில் உங்கள் சனமெல்லாம் மன்சே என்று கத்த, நடுவில் நின்று ஒரு கிழவி மட்டும் தமிழில் சாபம் போட்டாள் என்பது எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும்.

நான் மல்வேர்னுக்கு வீடு மாறிய பிறகும் பஸ் மாறி மாறி உங்கள் கடைக்கே வந்தேன். போன மாரிக்குளிரில் நீங்கள் படுத்துவிட்டீர்கள். ஆசுப்பத்திரியில் உங்கள் மகன் வெளியில் நின்று அழுதான். “அம்மா என்ன கதைக்கிறா எண்டு எனக்கு விளங்கேல்லை” என்றான். உள்ளே வந்து கேட்டேன், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு உ. யப்பான் பாஷை. மூளையில் மற்றதெல்லாம் அழிந்து, அடித்துப் பழக்கிய அது மட்டும் மிஞ்சி நின்றது. தாதியைக் கூடத் தலைமை ஆசிரியர் என்று நினைத்தோ என்னவோ பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நாட்டை விட்டுப் போனவன் ஐம்பது வருடம் கழித்து ரொறன்ரோவுக்கு வந்து உங்கள் வாயில் குந்தியிருக்கிறானே என்று எனக்கு இருந்தது.

குனிந்து உங்கள் காதில், வேண்டுமென்றே, “குவாங்போக்கு” என்றேன்.

கண் திறந்தது. “கு இல்லை” என்றீர்கள். “க்.”

அப்படித்தான் உங்களைத் திருப்பிக் கொண்டுவந்தேன், ஒரு பின்னேரத்துக்கு. அன்றைக்குத்தான் கோட்டைப் பற்றிச் சொன்னீர்கள். “மகன் நல்லவன். குடுத்திடுவான். நீ வைச்சிரு. கோட்டுக்காரன் அந்தச் சொல்லைச் சொன்னால் குடு.” என் கசப்பை நம்பித் தந்தீர்கள். என்னை அவ்வளவு மதித்தவர் வேறு யாரும் இல்லை.

மகளுக்கு இதெல்லாம் தெரியும். காலையில் பள்ளிக்கூடம் போகமுதல் கோட்டைக் காட்டி, “அம்மா, ஜஸ்ற் குடுங்கோ. ஹீ இஸ் ஓல்ட். குளிர் வருது” என்றாள். “உன்ர அப்பாவுக்கு ஆர் இரங்கினது?” என்று கேட்டேன். “இவரோ அப்பாவை மறிச்சவர்?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வாய் அப்படியே அவள் அப்பாவின் வாய். அழைப்பு மணி அடிக்கிறது ஒன்னி. பிறகு எழுதுகிறேன்.

வந்து போய்விட்டார்.

கதவைத் திறந்தேன். மெல்லிய யக்கெற் ஒன்று போட்டிருந்தார், கையில் ஊன்றுபொல்லு. உங்களைப் பற்றி உங்கள் மகன் சொல்லியிருக்கிறான். தொப்பியைக் கழற்றி, “கவலையாக இருக்கிறது” என்றார். நான் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கொடுக்கவில்லை. அவருக்கு விளங்கியது. ஆறு வருடத்துக்கு முன் பார்த்த அதே பார்வை, பயமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

“இப்போதும் நான் எதையாவது சொல்லவேண்டுமா?”

நாக்கு நுனியில் உங்கள் சொல் இருந்தது. சொல்லு என்று கேட்டால் இந்த முறையும் மாட்டேன் என்பார், வெறுங்கையோடு லிஃப்ருக்கு நடப்பார், நீங்கள் வென்றிருப்பீர்கள். வாளி தூக்கியவன் எங்கோ மடிப்புக் கலையாத சட்டையோடு நன்றாக இருக்க, நான் வன்கூவரில் பிறந்த ஒரு கிழவரைக் குளிரில் அனுப்பியிருப்பேன்.

“தேவையில்லை” என்றேன். “இன்றைக்குப் பதினைந்தாம் திகதி இல்லை.”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. வாசலிலேயே போட்டுப் பார்த்தார். கோட்டு பெரிதாகிவிட்டது, அல்லது அவர் சிறுத்துவிட்டார். தோளை இழுத்துச் சரிசெய்து பொத்தானைப் பூட்டிவிட்டேன், வேலைப் பழக்கம். பூச்சி அரிக்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். அவள் விடமாட்டாள் என்றேன். கடைசிவரை அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

நீங்கள் இப்போது என்னை ஏசுவீர்கள். ஏசுங்கள். சட்டம் உங்களுடையதுதான், அதைப் பதினைந்தாம் திகதிக்கு என்று போட்டதும் நீங்கள்தான். நான் ஆறிவிட்டேன் என்று மட்டும் நினைக்கவேண்டாம். ஆவணி வந்தால் கையைத் தூக்கி நாசமாய்ப் போவான் என்று கத்தத்தான் போகிறேன், இனி இரண்டு பேருக்கும் சேர்த்து.

கோட்டைக் கொடுத்தேன், ஹேங்கரைக் கொடுக்கவில்லை. உங்கள் கடையின் கம்பி ஹேங்கர், அலுமாரிக்குள் நடுவில் வெறுமனே தொங்குகிறது. அது அந்த வெள்ளைச் சட்டைக்காரனுக்கு. அவன் வரும்வரை வேறு எவருடைய உடுப்பையும் அதில் மாட்டமாட்டேன்.